தரைக்கு ஆள் தேடிய கதை: ஒரு மூன்றடித் தொட்டியும் அயிரையும்

அக்டோபரில் ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவன், மீன் தொட்டியில் ஏதோ படபடப்பது கேட்டு செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். பெரிய ஏஞ்சல் மீனின் விலாவில் எங்கள் 'கிளீனர்' ஒட்டிக்கொண்டிருந்தது. ஏஞ்சல் உதறியது. அது விலகி, ஒரு சுற்று சுற்றி, மறுபடி வந்து ஒட்டியது. காலையில் பார்த்தால் ஏஞ்சலின் இடப்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குச் செதிலே இல்லை. தோல் சிவந்து கிடந்தது.

இந்தக் கிளீனர், கடைகளில் 'கோல்டன் சக்கர்' என்று விற்கிறார்களே, அதுதான். இரண்டு வருடம் முன்பு வாங்கியபோது சுண்டுவிரல் நீளம். "இது ஒண்ணு உட்டா போதும் சார், டேங்க்கை நீங்க கழுவவே வேணாம்" என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பினேன். அதன் சரியான பெயர் சைனீஸ் ஆல்கே ஈட்டர். தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா பக்கத்து ஆறுகளில் பாறையைப் பற்றிக்கொண்டு வாழும் மீன். குட்டியாக இருக்கும்வரை பாசியைச் சுரண்டித் தின்னும். வளர வளரப் பாசி அலுத்துப்போய், ஏஞ்சல் மாதிரித் தட்டையான, மெதுவாக நீந்தும் மீன்களின் உடம்புச் சளியை உறிஞ்சப் பழகிவிடும். முழு வளர்ச்சியில் 25 செ.மீ.யைத் தாண்டும். என்னுடையது அப்போதே ஆறு அங்குலம். அன்றைக்கே அதைப் பிடித்து வாளியில் போட்டு, தனித் தொட்டி வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தொட்டியின் அடிப்பகுதி காலியாகக் கிடந்தது. மேலே இரண்டு ஏஞ்சல், ஆறு கறுப்பு விடோ டெட்ரா, நாலு மோலி. கீழே யாரும் இல்லை. "கீழே ஏதாவது விடுங்கப்பா, பாதி டேங்க் சும்மா இருக்கு" என்றாள் மகள். சரி, இந்த முறை அவசரப்படாமல் பார்த்து வாங்குவோம் என்று உட்கார்ந்தேன். அது அடுத்த அக்டோபர் வரை இழுத்துக்கொண்டு போனது.

முதலில் தரையை அளந்தேன்

எல்லோரும் தொட்டியை லிட்டரில் சொல்வார்கள். என் தொட்டி 36 அங்குல நீளம், 15 அகலம், 15 உயரம். கணக்குப் போட்டால் 130 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே, கல், மண், மேல் இடைவெளி எல்லாம் போக 110 லிட்டர் தேறும். ஆனால் கீழே வாழும் மீனுக்கு லிட்டரை விடத் தரையின் பரப்புதான் வீட்டுமனை. உயரமான தொட்டியில் எத்தனை லிட்டர் இருந்தாலும் அடி ஒன்றரைச் சதுர அடிதான் என்றால், அங்கே சண்டைக்கார மீன் இரண்டு விட்டால் ஒன்று மூலையில்தான் ஒடுங்கும். எனக்கு நாலு சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. அமைதியான சின்ன மீன் என்றால் ஒரு கூட்டம், தாராளமாகப் பார்த்தால் இரண்டு கூட்டம். எல்லைக்குச் சண்டை போடும் சாதி என்றால் ஒன்றே ஒன்று.

அடுத்தது தண்ணீர். எங்கள் குடியிருப்பில் போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, அதாவது டி.டி.எஸ்., 1100ஐத் தொடுகிறது, மெட்ரோ தண்ணீர் வரும் நாளில் அளந்தால் 380. நான் மெட்ரோ தண்ணீரைப் பிடித்து, குளோரின் போக்கும் மருந்து ஊற்றி, அதைத்தான் விடுகிறேன். வராத வாரங்களில் போர் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் சரிபாதி. பி.எச். 7.6 அளவில் நிற்கிறது. இதற்கு மேலே ஒரு பழக்கம் வேறு எனக்கு இருந்தது. தண்ணீர் மாற்றும்போதெல்லாம் ஒரு கைப்பிடி கல் உப்பு. மோலிக்கு அது பிடிக்கும். ஆனால் கோரி என்கிற சின்னக் கெளுத்தி மாதிரியான மீசை மீன்களும், லோச் என்கிற தரை மீன் இனங்களும் உப்பை அவ்வளவாகத் தாங்காது. மோலிக்கு நம் ஊர்க் கடினத் தண்ணீரே போதும் என்பதால் உப்பை நிறுத்தினேன். மோலிகள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

மூன்றாவதாக வெப்பநிலை. நவம்பரில் தெர்மாமீட்டர் 26 டிகிரி காட்டியது. அதைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். நான் செய்த பெரிய தவறு அதுதான். அந்தக் கதை பின்னால் வரும்.

கல்லை அள்ளியதும் மணல் தேடியதும்

தொட்டியில் அதுவரை கிடந்தது நீலமும் வெள்ளையும் கலந்த கலர் கல். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் கீழே மேயும் மீன்களுக்கு அது முள் படுக்கை. கோரி மணலை வாய் நிறைய அள்ளி, இரையை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியே உதிர்த்துவிடும். கூரான கல்லில் அதை எப்படிச் செய்யும்? மீசையை அதில் இடித்து இடித்து, இடுக்கில் தங்கிய அழுக்கில் கிருமி தொற்றி, மீசை தேய்ந்து மொட்டையாகிவிடும். கடைகளில் கவனித்துப் பார்த்தால் தெரியும், பாதி கோரிகளுக்கு மீசை இருக்காது.

பக்கத்துத் தெருவில் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள். மேஸ்திரியிடம் போய் ரெண்டு சட்டி ஆற்று மணல் கிடைக்குமா என்று கேட்டேன். சிரித்தார். "ஆத்து மணல் இப்ப யாரு சார் போடுறா, எல்லாம் எம்-சாண்ட்தான்." ஒரு கை அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன், சுரீரென்று குத்தியது. பாறையை உடைத்து அரைத்த மணல், ஒவ்வொரு துகளுக்கும் விளிம்பு இருக்கிறது. சிமெண்டோடு பிடித்து நிற்க அது நல்ல குணம். மீசைக்கு ஆகாது.

கடைசியில் கிடைத்தது நீச்சல் குளத்து ஃபில்டருக்குப் போடும் சிலிக்கா மணல், 25 கிலோ மூட்டை. குருணை மாதிரி ஒரே அளவு, விரலுக்கு வழவழப்பு. ஒன்றரை அங்குல உயரத்துக்கு 20 கிலோவுக்குச் சற்று மேலே போனது. போடுவதற்கு முன் ஒரு பிடியைத் தட்டில் எடுத்து வினிகர் ஊற்றினேன். நுரை பொங்கினால் அதில் சுண்ணாம்போ கிளிஞ்சலோ கலந்திருக்கிறது, தண்ணீரின் கடினத்தைக் கூட்டிக்கொண்டே போகும். பொங்கவில்லை. அப்புறம் மொட்டை மாடியில் உட்கார்ந்து கழுவினேன். பதினான்கு வாளித் தண்ணீர். அரிசி களைவது மாதிரிதான், கழுநீர் தெளியும்வரை விடக்கூடாது.

பழைய கல்லை ஒரே நாளில் அள்ளிவிடவில்லை. மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவில் ஒரு பங்கு கல்லில்தான் குடியிருக்கிறது. மொத்தத்தையும் வெளியேற்றினால் தொட்டி மறுபடி புதுத் தொட்டியாகிவிடும். அதனால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு ஒரு மாதம் முன்பே ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றைக் கூடுதலாகப் போட்டு, அதிலும் பாக்டீரியா குடியேறட்டும் என்று ஊற வைத்திருந்தேன். அப்படியும் இரண்டாவது ஞாயிறுக்கு அடுத்த நாள் அம்மோனியா 0.5 காட்டியது. மூன்று நாள் தீனியைக் குறைத்து, தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றினேன், இறங்கியது. கல்லுக்கு அடியில் இருந்து வந்த நாற்றத்தை மட்டும் எழுத்தில் சொல்ல முடியாது. இத்தனை நாள் 'கிளீனர்' சுத்தம் செய்த லட்சணம் அது.

யார் யாருக்கு இடமில்லை

டிசம்பர் முழுக்க ஞாயிறு தோறும் கொளத்தூர்ப் பக்கம் சுற்றினேன். வண்ணமீனுக்குச் சென்னையில் அதை விட்டால் வேறு ஊர் இல்லை. வாங்காமல் வெறுமனே பார்ப்பது என்று ஒரு விரதம்.

கடையில் 'கிளீனர்' என்று கேட்டால் முதலில் கையில் கொடுப்பது கறுப்புச் சக்கர். தென் அமெரிக்க பிளெக்கோ. இரண்டு அங்குலத்தில் பார்க்க பாவமாக இருக்கும். ஒரு அடி தாண்டி வளரும். அது தின்னும் பாசியை விடப் போடும் கழிவு அதிகம். வளர்ந்ததும் இடம் போதாமல் ஏரியிலும் கால்வாயிலும் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டதுதான் இன்றைக்குத் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் வலையைக் கிழித்துக்கொண்டு பெருகிக் கிடக்கிறது. இது பட்டியலிலிருந்து முதலில் போனது.

ரெட் டெயில் ஷார்க் அழகு. கறுப்பு வெல்வெட் உடம்பு, சிவப்பு வால். சுறாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கெண்டைக் குடும்பம். ஆனால் தரையை முழுக்கத் தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொள்ளும். அதைத் தொட்டிக்குள் விட்டுவிட்டால் அப்புறம் வேறு எந்தத் தரை மீனையும் யோசிக்க முடியாது. யோயோ லோச்சும் இதே கதைதான், கொஞ்சம் வேறு மாதிரி. ஐந்தாறு சேர்ந்து இருந்தால்தான் தங்களுக்குள் சண்டையை முடித்துக்கொள்ளும், தனியே விட்டால் மற்ற மீன்களைச் சீண்டும். ஐந்தாறும் விரல் நீளத்தைத் தாண்டி வளர்ந்தால் என் மூன்றடியில் நெருக்கடி.

ஒரு கடையில் நாட்டுக் கெளுத்திக் குட்டிகள் அழகாக இருந்தன. பகலில் சாது. இரவில் வாய்க்குள் அடங்குகிற எதையும் விழுங்கும். மோலிக் குட்டிகள் மட்டுமல்ல, தூங்கும் டெட்ராவும் காலையில் கணக்கில் இருக்காது. ஆரல் பற்றியும் இதே முடிவு. மீன் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்று பார்க்கிறவர்கள் சண்டையை மட்டும் பார்க்கிறார்கள். வாயின் அகலத்தையும் அது எந்த நேரத்தில் விழித்திருக்கும் என்பதையும் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கூலி லோச் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மஞ்சளும் கறுப்பும் பட்டை போட்ட மண்புழு மாதிரி. சூட்டையும் தாங்கும். ஆனால் கடையில் இருந்தவை வயிறு ஒட்டிப்போய், முதுகு கத்தி மாதிரி நின்றன. தரை மீன்களை வாங்கும்போது மேலிருந்து பார்க்கக்கூடாது, கண்ணாடியோடு கண்ணை வைத்து வயிற்றைப் பார்க்க வேண்டும். மேலே மிதக்கும் தீனியை மட்டும் போட்டு வைத்திருந்தால் அவை வாரக்கணக்கில் பட்டினி கிடந்திருக்கும்.

இப்படி அடித்து அடித்துக் கடைசியில் நின்றது கோரி.

புள்ளி கோரி: ஜனவரி முதல் மே வரை

கோரியில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. 2024இல் ஆய்வாளர்கள் அந்தப் பேரினத்தையே பிரித்துப் பலவாக்கிவிட்டார்கள், பழைய புத்தகத்தில் உள்ள விஞ்ஞானப் பெயர் பலவும் மாறிவிட்டன. சென்னைக் கடைக்கு அந்தச் செய்தி இன்னும் வரவில்லை, எல்லாமே 'கோரி'தான். சாதாரணமாகக் கிடைப்பவை வெண்கல நிறக் கோரி, புள்ளி கோரி, சிவப்புக் கண் வெள்ளைக் கோரி. இதில் வெள்ளை என்பது தனி இனம் கிடையாது. வெண்கலக் கோரியின் வெள்ளையும் உண்டு, புள்ளி கோரியின் வெள்ளையும் உண்டு, கடைக்காரருக்கே பெரும்பாலும் தெரியாது.

ஜனவரியில் புள்ளி கோரி ஆறு வாங்கினேன். மீசை முழுசாக இருந்தது, வயிறு நிறைந்திருந்தது, விலையும் கையைக் கடிக்கவில்லை. இதற்குத் துடுப்பின் முன்னால் பூட்டிக்கொள்ளும் முள் உண்டு, பயந்தால் விரைத்து நிற்கும், பாலிதீன் பையைக் குத்திவிடும். இரண்டு பை போட்டுத்தான் கொண்டுவந்தேன். வலையில் பிடித்தால் சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் டம்ளரில் மொள்ளுவது உத்தமம்.

முதல் மூன்று மாதம் சொர்க்கம். ஆறும் ஒரே கூட்டமாக மணலைக் கண்வரை முகர்ந்துகொண்டு போகும். அவ்வப்போது ஒன்று ராக்கெட் மாதிரி மேலே போய், ஒரு மிடறு காற்றைக் குடித்துவிட்டு விழும். நோய் என்று நினைத்து முதலில் பதறினேன். அது இயல்பு, விழுங்கிய காற்றின் ஆக்ஸிஜனைக் குடல் உறிஞ்சிக்கொள்கிறது. பிப்ரவரியில் ஒருநாள் குளிர்ந்த தண்ணீர் மாற்றியதும் கண்ணாடியில் முட்டைகூட ஒட்டியிருந்தது. ஏஞ்சல்கள் காலைப் பலகாரமாக அதை முடித்துவிட்டன.

தீனியில் ஒரு பாடம் படித்தேன். 'கீழே விழுவதைத் தின்று பிழைத்துக்கொள்ளும்' என்பது சுத்தப் பொய். டெட்ரா ஆறும் மோலி நாலும் இருக்கும் தொட்டியில் கீழே எதுவும் விழுவதே இல்லை. முழுகும் வில்லைகளை விளக்கை அணைத்து அரை மணி கழித்துப் போட ஆரம்பித்தேன். வாரம் ஒரு நாள் உறைய வைத்த ரத்தப்புழு. காய்கறியை அவை சீண்டவில்லை.

ஏப்ரல் பாதியில் தெர்மாமீட்டர் 30க்கு வந்தது. மே முதல் வாரம் 32. கோரிகள் கூட்டம் கலைந்து, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்திலேயே படுத்துக்கிடந்தன. காற்று குடிக்க மேலே போவது மணிக்கு ஒன்றிரண்டு என்று இருந்தது நிமிடத்துக்கு ஒன்றானது. அப்போதுதான் நவம்பரில் நான் குறித்து வைத்த 26 டிகிரியை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டேன். தெர்மாமீட்டரை நவம்பரில் பார்த்து மீன் வாங்கியது, மார்கழியில் வீடு பார்த்துவிட்டு ஃபேன் வேண்டாம் என்று முடிவு செய்வது மாதிரி.

புள்ளி கோரியின் சொந்த ஊர் அர்ஜென்டினா, உருகுவே பக்கம், குளிர்காலம் உண்மையிலேயே குளிராக இருக்கும் இடம். 18 முதல் 24 டிகிரிதான் அதற்குச் சுகம். சூட்டில் இரண்டு அடி விழுகிறது. தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் கரையும் என்றால் 32 டிகிரியில் 7.3தான். மீனின் உடம்போ சூட்டில் இன்னும் அதிகம் கேட்கும். போதாததற்கு, அதே அளவு அம்மோனியா சூட்டில் இன்னும் விஷமாகிறது.

மேலே ஒரு சின்ன ஃபேன் வைத்தேன். மூடியைக் கொஞ்சம் திறந்து, தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாகக் காற்று படும்படி. ஆவியாகும்போது சூடு இறங்கும், ஆனால் சென்னைப் புழுக்கத்தில் இரண்டு டிகிரிதான் இறங்கியது. தினமும் இரண்டு லிட்டர் தண்ணீர் காணாமல் போனது. ஐஸ் பாட்டில் போடலாம் என்றார்கள். ஒரு மணி நேரத்தில் இறங்கி, அடுத்த மணி நேரத்தில் ஏறும், அது இன்னும் கெடுதல். மே இரண்டாவது வாரத்தில் ஒன்று போனது, நாலு நாளில் இன்னொன்று. மகள் செம்பருத்திச் செடிக்கு அடியில் புதைத்தாள். என்னோடு பேசவில்லை.

மிச்சம் நாலையும் கோத்தகிரியில் இருக்கும் நண்பனிடம் கொடுத்துவிட்டேன். ஒரு பையில் ஒன்று வீதம், பாதித் தண்ணீர், பாதி ஆக்ஸிஜன், தெர்மோகோல் பெட்டியில் வைத்து ராத்திரி ரயில். அங்கே மே மாதத்திலும் தொட்டி 22 டிகிரியாம். ஆகஸ்டில் முட்டை போட்டதாகப் படம் அனுப்பினான்.

அம்மா கேட்ட கேள்வி

ஜூனில் மதுரையிலிருந்து அம்மா வந்திருந்தாள். காலியான தரையைப் பார்த்தபடி நான் புலம்பியதை எல்லாம் கேட்டுவிட்டு, "மண்ணுக்குள்ள பூந்துக்கிட்டு, வெயிலுக்கு அசராம, சண்டை போடாம ஒரு மீன் வேணும்னா அயிரை இருக்கேடா?" என்றாள்.

சிரித்துவிட்டேன். குழம்பு மீன். பிறகு ராத்திரி உட்கார்ந்து தேடியபோதுதான் சிரிப்பு நின்றது. அயிரை ஒரு லோச். நான் கடை கடையாகத் தேடிய கூலி லோச்சின் பங்காளி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மணல் படிந்த ஆறு, வாய்க்கால், கண்மாய்களில் கூட்டமாக வாழ்வது, விரல் நீளத்துக்கு மேல் போவதில்லை. அதன் விஞ்ஞானப் பெயரின் பின்பாதி 'தெர்மாலிஸ்'. 1846இல் பிரெஞ்சு மீனியலாளர் வலென்சியென் அதை விவரித்தபோது அவருக்குக் கிடைத்த மாதிரிகள் திருகோணமலைக்குப் பக்கத்தில், கன்னியா வெந்நீர் ஊற்றிலிருந்து வந்தவை. பெயரே வெந்நீர். இரண்டு மாதமாக நான் தேடிய பதில் பிறந்த ஊர்ச் சந்தையில் கிலோக் கணக்கில் உயிரோடு விற்றுக்கொண்டிருந்தது.

மாமாவிடம் சொல்லி, கொஞ்சம் பெரிதாகப் பார்த்து, உயிரோடு வாங்கி அனுப்பச் சொன்னேன். "எத்தனை கிலோ மாப்ளே?" என்றார். இருபது மீன் என்றேன். போனில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எண்ணியெல்லாம் தர மாட்டாங்களே" என்றார். கடைசியில் ஐந்து லிட்டர் கேனில், மூடியில் ஓட்டை போட்டு, யாரோ தெரிந்தவர் காரில் வந்து சேர்ந்தன. இருபத்துமூன்று இருந்தன. ஐந்து வழியிலேயே போய்விட்டன.

ஆற்று மீனை நேரே தொட்டியில் விடக்கூடாது. பண்ணை மீனை விட இதில் ஒட்டுண்ணி அதிகம். மொட்டைமாடி நிழலில் 40 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில் மணல் போட்டு, பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைத்து நாலு வாரம் தனியாக வைத்திருந்தேன். மேலே கொசுவலை கட்டாயம், இவை துள்ளும். பத்தாவது நாள் ரவையைத் தூவியது மாதிரி மேலெல்லாம் வெள்ளைப்புள்ளி, ஒரு ஒட்டுண்ணிக் கிருமியால் வரும் நோய். சாதாரணமாக உப்பும் மருந்தும் போடுவோம். லோச்சுகளுக்குச் செதில் மிக மெல்லியது, மருந்தைச் சட்டென்று உடம்பு இழுத்துக்கொள்ளும். அதனால் உப்பைத் தொடவில்லை; மருந்தைப் பாதி அளவாக, நாளைக் கூட்டிக் கொடுத்தேன். டப்பின் தண்ணீர் எப்படியும் 30க்கு மேலே இருந்தது. சூட்டில் அந்தக் கிருமியின் சுற்று வேகமாக ஓடுவதால் மருந்துக்குச் சீக்கிரம் சிக்கும். நாலு போனது. பதினான்கு தேறியது.

இன்னொரு பயமும் இருந்தது. ஏஞ்சல் மீன், புழு மாதிரி நெளிவதைக் கண்டால் விடாது. அயிரைக்குக் கண்ணுக்குக் கீழே மடக்கி நீட்டும் முள் ஒன்று உண்டு. விழுங்கினால் அயிரையும் போகும், முள் தொண்டையில் மாட்டி ஏஞ்சலும் போகும். ஆகவே இரண்டேகால் அங்குலத்துக்குக் குறைவான இரண்டைத் தனியே டப்பிலேயே வைத்துவிட்டு, பன்னிரண்டை மட்டும் ஆகஸ்டில் தொட்டிக்கு மாற்றினேன், இரவில், விளக்கை அணைத்து.

டம்ளரைச் சாய்த்ததும் பன்னிரண்டும் மணலுக்குள் போய் மறைந்தன. மொத்தம் மூன்று நொடி. காசு போட்ட உண்டியலைப் பார்ப்பது மாதிரி நானும் மகளும் வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒரு வாரம் எதுவும் தெரியவில்லை. பிறகு சாயங்காலங்களில் மணலில் இரண்டிரண்டாகக் கண்கள் தெரிந்தன. விளக்கு மங்கியதும் தலை, அப்புறம் உடம்பு. வில்லை விழுந்த இடத்துக்கு நாலைந்து ஓடிவந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தின்னும். சண்டை கிடையாது. இவையும் மேலே போய்க் காற்று குடிக்கின்றன. செப்டம்பரில் ஒரு வாரம் வெயில் மறுபடி 31க்கு ஏற்றியது. ஏஞ்சல்கள் சோர்ந்தன, இவை கண்டுகொள்ளவில்லை. மணலை உள்ளிருந்து கிளறிக்கொண்டே இருப்பதால் கறுப்புத் திட்டுகளும் வரவில்லை. ஆனால் கழிவை உறிஞ்சும் ஹோஸ் வேலை குறையவில்லை, ஞாயிறு தோறும் அது எனக்குத்தான். ஹோஸை மணலில் குத்தக்கூடாது, ஒரு அங்குலம் மேலே பிடித்துச் சுழற்ற வேண்டும். முதல் தடவை குத்தி ஒரு அயிரையை வாளிக்குள் இழுத்துவிட்டேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

பகலில் பார்க்க ஏதாவது வேண்டும் என்று மகள் விடவில்லை. இந்த அக்டோபரில் ஸ்டெர்பாய் கோரி ஆறு வாங்கியிருக்கிறேன். பிரேசில், பொலிவியா எல்லையில் குவாபோரே ஆற்றுப் பக்கத்து மீன். டிஸ்கஸ் என்கிற, சூடான தண்ணீர் கேட்கும் மீனை வளர்ப்பவர்கள் 28, 29 டிகிரித் தொட்டியில் விடுவது இதைத்தான். புள்ளி கோரியைப் போல நாலு மடங்கு விலை. இரண்டு செத்து, நாலை ரயிலேற்றிய கணக்கைப் பார்த்தால் அது விலையே இல்லை. பகலில் மணலின் மேலே இவை, மாலையில் மணலுக்குள்ளிருந்து அவை. தீனியைத் தொட்டியின் இரண்டு கோடியிலும் போட்டால் தகராறு இல்லை. அடுத்த மே மாதத்துக்கு ஃபேனைத் துடைத்துத் தயாராக வைத்திருக்கிறேன்.

தீபாவளிக்கு அம்மா மறுபடி வந்தாள். ராத்திரி டார்ச்சை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் எண்ணினாள். பன்னிரண்டு விட்டேன் என்று சொல்கிறேனே தவிர நான் ஒரே சமயத்தில் ஒன்பதுக்கு மேல் பார்த்ததில்லை. அவளுக்கு எட்டுதான் கிடைத்தது.

"நல்லாக் கொழுத்திருக்கு" என்று டார்ச்சை அணைத்தாள். "ஒரு சட்டிக்குப் பத்தாது."